எண்பத்தெட்டு

போன வாரம் மருமகளுக்கு ஒரு கைச்சங்கிலி பார்க்கப் பதுளை பஸாருக்குப் போயிருந்தேன். கறுப்புக் கயிற்றில் உருண்டை மணியும் நீள மணியுமாகக் கோத்த ஒன்றைக் கடைக்கார நானா பெருமையோடு எடுத்துக் காட்டினார். “இது மோர்ஸ் கோடுங்க. புள்ளியும் கோடுமா ‘ஐ லவ் யூ’ன்னு இருக்கு. இப்ப இதுக்குத்தான் மவுசு.”

நான் அதைச் சட்டென்று தள்ளி வைத்தேன். பாவம், அவர் நிறம்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து நீலத்தில் ஒன்றைத் தேடத் தொடங்கினார். எனக்கோ வெற்றிலைச் சாறும் தபால் பசையும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறிவிட்டது.

சொல்கிறேன், கேளுங்கள். ஊவா மலையில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் அப்போது எனக்கு முத்திரை விற்கும் வேலை. தந்தி மேசையில் செல்வராணி. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, படித்து, அந்த மேசைக்கு வந்தவள். எனக்கும் மோர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். என் பெயரையே நான் பிழையாகத்தான் தட்டுவேன். கம்பியின் மறுமுனையில், இன்னொரு ஊர்க் கந்தோரில், யோகன். சாவுச் செய்திகளையெல்லாம் அனுப்பி முடித்தபின் இருவரும் எண்பத்தெட்டு என்று தட்டிக்கொள்வார்கள். தந்திக்காரர் பாஷையில் அதற்கு ‘அன்பும் முத்தமும்’ என்று அர்த்தம். முகம் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவன் தட்டுவது கொஞ்சம் தளர்ந்தால், “அவருக்குக் காய்ச்சல்டி” என்பாள்.

எங்கள் தபாலதிபருக்கும் மோர்ஸ் தெரியும். ஒட்டுக் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? செல்வராணி கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம் மோதிர விரலால் மேசையில் அதே எண்பத்தெட்டைத் தட்டி, சிவந்த பல்லைக் காட்டி இளிப்பார். அது என்னவென்று எனக்கு விளங்கிய அன்று கையிலிருந்த ரொட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஒரு சம்பள நாள். கந்தோர் நிறையத் தோட்டத்துச் சனம். மறுபடியும் தட்டினார். செல்வராணி அப்படியே நின்றாள்.

“ஐயா இப்ப தட்டினது என்னன்னு எல்லாருக்கும் சொல்லட்டுங்களா?”

“பேசாம போ புள்ள.”

“அன்பும் முத்தமும்னு தட்டினாருங்க. எனக்கு. எங்கப்பா வயசு இவருக்கு.”

 வரிசையில் நின்ற ஒரு தோட்டத்துக் கங்காணி வெளியே போய்க் காறித் துப்பினார்.

சீக்கிரமே மாற்றல் வந்தது. அவருக்கு அல்ல, அவளுக்கு, மொனராகலைக்கு. அவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அந்த விருந்தில் கொடுத்த கேக்கை நான் நாய்க்குப் போட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

யோகன் மொனராகலைக்கு பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்தான். கல்யாணமும் நடந்தது. தந்தி மேசைகள் இன்று எங்குமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் எண்பத்தெட்டு அதற்கு வெகு முன்னரே போய்விட்டது. கல்யாணமான புதிதில் ஒருநாள் யோகன் அவள் உள்ளங்கையில் ஆசையாக அதைத் தட்டினானாம். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டுக் கழுவினாளாம்.

“அத மட்டும் வேணாங்க.”

அவன் பிறகு தட்டவேயில்லை.