ஹிஸ்கே வாங்கிய இரண்டாவது ஜோடி

எங்கள் கடலோர ஊரான ஹார்லிங்கனில் ஹிஸ்கே டோல்ஸ்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஊருக்குள் வரும் கால்வாயின் பாலத்தைத் தூக்கி இறக்குவது அவள் வேலை. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். படகு வந்தால் மணியடித்து, சாலையில் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தூக்குவாள். சைக்கிளோடு காத்து நிற்பவர்கள் முணுமுணுத்தால் ஜன்னலைத் திறந்து, "அவசரம்னா நீந்திப் போங்க, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

நாளெல்லாம் உட்கார்ந்தே கிடப்பதால் வேலை முடிந்ததும் ஓடப் போவாள். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அணைக்கரையின் அடிவாரத்தில், கடல் பக்கமாக ஒரு தார்ப்பாதை போகிறது. அதில்தான் அவள் ஓட்டம். எப்போது ஆரம்பித்தாய் என்று யாராவது கேட்டால், "என் புருஷன் ஓடிப்போன வருஷம். அவன் கிழக்கே ஓடினான், நான் மேற்கே ஓடினேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பந்தயம் எதிலும் ஓடியதில்லை. அவள் ஓடும் சத்தம் மட்டும் ஊருக்கே பழக்கம். மெல்லிய அடி வைத்த ஷூவில் பலகையால் தரையை அறைவது போல ஓடுவாள்.

நான் டௌவேயின் ஓட்டக் காலணிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஓர் அக்டோபர் மதியம் அவள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இம்கே, குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. காலையில கட்டில்ல இருந்து இறங்கினா சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன்."

அவள் கழற்றிய ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கினேன். காய்ந்த ரொட்டி போல அமுங்க மறுத்தது.

"இத எப்ப வாங்கினீங்க?"

"கேக்காத. செத்துப்போச்சுன்னு சொல்லு, அடக்கம் பண்ணிடலாம்."

அவளை நிற்கவைத்து இரண்டு பாதங்களையும் அளந்தேன். மதியத்துக்கு மேல் அளப்பது நல்லது. கால் கொஞ்சம் உப்பி, ஓடும்போது இருக்கும் அளவுக்கு வந்திருக்கும். முதலில் கொடுத்த ஜோடி மெத்தென்று இருந்தது, ஆனால் முன்பாதத்தை நெருக்கியது. அடுத்ததில் குதிகால் மேலே நழுவியது. மூன்றாவதில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது, குதிகால் கப்பென்று உட்கார்ந்தது, அகலமும் சரி. அடி கட்டியான நுரை, இரண்டு விரல் உயரம்.

"இது ஷூவா, சோபாவா?" என்று கேட்டுக்கொண்டே ட்ரெட்மில்லில் ஏறினாள்.

கொஞ்ச நேரத்தில் டௌவே உள்ளறையிலிருந்து தலையை நீட்டினான். "நின்னுட்டாளா?"

ஹிஸ்கே நிற்கவில்லை. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாள். அவள் கால் தரையில் படுவது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சர்க்கரை ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். குதிகால் பரவாயில்லை என்றாள். ஆனால் அதைச் சொல்ல வந்தவள் போல இல்லை. ரொட்டியை அறுத்துக் காபியோடு வைத்தேன். அவள் தொடவில்லை.

"இந்த ஷூவுல ஏதாவது தளர்வா இருக்கான்னு பாரு. ஓடும்போது பின்னால சத்தம் வருது."

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். லேஸை மேல் துளையில் வளையம் போட்டு இறுக்கிக் கட்டினேன். குதிகால் அசையவே இல்லை.

"என்ன மாதிரி சத்தம்?"

"கால் சத்தம். வலது பக்கம், ரெண்டு மூணு எட்டு பின்னால. நான் மெதுவாப் போனா அதுவும் மெதுவாப் போகுது. ஆனா உடனே இல்ல. யோசிச்சுட்டுப் போகுது."

டௌவே சிரித்தான். "அணையோட கான்கிரீட்ல பட்டு எதிரொலி வருது. வேற என்ன?"

"என் காலே சத்தம் போடலையே. எது எதிரொலிக்கும்?"

"சரி, பேய்னே வச்சுக்குவோம். எங்க கடைப் பக்கம் அனுப்பு, நல்ல ஜோடியாத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஹிஸ்கேயும் சிரித்தாள். காபிக் கோப்பையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்ததை நான் கவனித்தேன்.

பழைய ஷூவில் ஒருமுறை ஓடிப் பாருங்கள் என்றேன். அதையும் செய்துவிட்டாளாம். பழைய ஷூவில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

"என் சத்தத்துல அது மறைஞ்சு போயிடுது. அப்படின்னா எப்ப இருந்து வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமும் நான் தனியாத்தான் ஓடுறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவளுக்கும் எனக்கும் ஒரே கால் அளவு. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவள் ஷூவைப் போட்டு ஓடிப் பார்ப்பதாகச் சொன்னேன். அவளைத் தேற்றத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது.

அன்று மூடுபனி. தண்ணீர் உள்வாங்கி, சேற்றுப் பரப்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அணையின் படிக்கட்டில் ஹிஸ்கே காலுறையோடு உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் ஷூவை மாட்டிக்கொண்டு தெற்கே ஓடினேன். என் மூச்சும் சட்டை உரசுவதும் மட்டும் கேட்டன. படிக்கட்டு பனிக்குள் மறைந்தது.

அதன் பிறகு வலது பக்கம், பின்னால், கேட்டது.

மெத்தையில்லாத, கடினமான அடி. ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டு சத்தம், டக், சப். நான் நின்றேன். இன்னும் ஒரு எட்டு வைத்துவிட்டு அதுவும் நின்றது. திரும்பினேன். ஈரமான தார், பனி, வேறு எதுவும் இல்லை. அங்கே நிற்க முடியவில்லை. வந்த வழியே படிக்கட்டை நோக்கி ஓடினேன். இப்போதும் சத்தம் பின்னால்தான் வந்தது. அப்படியானால் அது என்னைக் கடந்து அந்தப் பக்கம் போனது எப்போது?

ஹிஸ்கே என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து ஷூவின் லேஸை அவளே அவிழ்த்தாள்.

"இனிமே இங்க ஓடாதீங்க" என்றேன்.

"ரெண்டு சத்தம் வருதுல்ல? ஒவ்வொரு எட்டுக்கும். அது ஏன்?"

எனக்கு அப்போது பேசவே பிடிக்கவில்லை. ஆனால் கடையில் அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஷூ பெருசா இருந்தா அப்படி வரும். குதிகால் மேல எழும்பும், ஷூ கீழே தங்கிட்டு அப்புறம் வந்து அடிக்கும்."

"இடது கால் கொஞ்சம் இழுக்குது. கவனிச்சியா?"

"இல்ல."

"இழுக்குது. வலிக்குது அதுக்கு. குதிகால் வலிச்சா எப்படி ஓடுவோம்னு எனக்குத் தெரியும்."

யாராக இருக்கும் என்று நாங்கள் பேசவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி எங்கள் ஊரில் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடியாது. அந்தப் பேச்சை நான் எடுக்கப் போனபோது அவள் தடுத்துவிட்டாள். "பேரத் தெரிஞ்சுக்கிட்டா கூப்பிடணும்னு தோணும். வேணாம்."

அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. நவம்பர் முழுக்க, வெளிச்சம் இருக்கும்போதே போய் வந்தாள். பாலத்தடியில் என்னைப் பார்த்தால் ஜன்னலைத் திறந்து, அண்டை வீட்டுக்காரரின் உடல்நிலையைச் சொல்வது போலச் சொல்வாள். "இன்னைக்கு ரொம்ப நொண்டுச்சு." இன்னொரு நாள், "காத்து அடிச்சதுல ரொம்பப் பின்தங்கிடுச்சு. கொஞ்சம் நின்னு கூட்டிக்கிட்டு வந்தேன்." அவள் நன்றாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முன்பு போலச் சைக்கிள்காரர்களைச் சீண்டுவதும் குறைந்துவிட்டது. ஒருமுறை பாலத்தைத் தூக்கிவிட்டு, படகு போன பிறகும் இறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். கீழே நின்றவர்கள் சைக்கிள் மணியடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

டிசம்பரில் கடைக்கு வந்தாள். அன்று டௌவே இல்லை.

"ஒரு ஜோடி வேணும். எனக்கில்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போல இருக்க முடியவில்லை.

"என்ன அளவு கொடுக்கிறது ஹிஸ்கே? காலையே பாக்கலையே நாம."

"என் எட்டு நீளம்தான் அதோட எட்டும். உயரம் என் அளவு இருக்கும். இப்பப் போட்டிருக்கிறது பெருசு. என் அளவையே கொடு. அகலமானதா எடு, நெருக்கினா கழட்டிப் போட்டுடும்."

"எவ்வளவு மெத்தை?"

அவள் யோசித்தாள். மேசைமேல் இரண்டு கைகளாலும் தட்டிக் காட்டினாள், டக், சப், டக், சப். இடது கை தாமதமாக விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தால், ஒருவர் நம்மை நோக்கி வருவது போலவே இருந்தது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நல்ல மெத்தையா கொடு" என்றாள். "குதிகாலுக்கு."

இருப்பு அறையிலிருந்து போன வருட மாதிரி ஒன்றை, சாம்பல் நிறம், எடுத்து வந்தேன். எல்லோருக்கும் செய்வது போல உள்ளே கைவிட்டுத் தையல் உறுத்துகிறதா என்று பார்த்தேன். லேஸைக் குதிகாலைப் பிடிக்கும்படி மேல் துளையில் வளையம் போட்டுக் கோத்தேன். ஏன் அவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று தெரியவில்லை. தவறாகச் செய்தால் அது திருப்பிக் கொண்டுவருமோ என்ற பயம் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றே அவள் அதை அணையின் படிக்கட்டில், கீழ்ப் படியில், முனை தெற்கே பார்க்க வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் மழை. ஷூ அங்கேயே நனைந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் கிடந்தது. பிறகு ஒரு மதியம் இல்லை. யாராவது எடுத்திருக்கலாம். புது ஷூ, பொது இடம்.

அன்று ஓடியபோது சத்தம் நின்றுவிட்டது.

அவளே பாலத்திலிருந்து கடைக்கு நடந்து வந்து சொன்னாள். முகம் தெளிந்திருந்தது. மீதிக் கதையை டௌவேயிடமும் சொல்லிவிட்டோம். "பாத்தியா, நல்ல ஷூ கொடுத்தா வாடிக்கையாளர் நிம்மதியாப் போயிடுவாங்க" என்றான். மூவரும் சிரித்தோம். வெகு நாளைக்குப் பிறகு ஹிஸ்கே ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துத் தின்றாள்.

பாதி தின்றவள் நிறுத்தினாள். மெல்லுவதையும் நிறுத்தினாள். அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்கும் அதே கணத்தில் தோன்றியது. அவள் போட்டிருந்ததும் மெத்தை ஷூ. நாங்கள் அதற்குக் கொடுத்ததும் மெத்தை ஷூ.

"போயிடுச்சா," என்றாள் மெதுவாக, "இல்ல எனக்குக் கேக்கலையா?"

டௌவே கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அதன் பிறகும் ஓடினாள். வேறு பாதைக்குப் போகச் சொன்னேன். எங்கே போனால் என்ன என்றாள். குளிர்காலம் முடிந்து, அணையில் ஆடுகளை மறுபடி மேயவிட்டார்கள். வெயிலடிக்கும் நாளில் தார் சூடாக இருக்கும் என்று அவை பாதையிலேயே படுத்துக்கொள்ளும். ஏப்ரலில் ஒருநாள் நான் சைக்கிளில் அணைக்கு மேலுள்ள சாலையில் போய்க்கொண்டிருந்தேன். கீழே ஹிஸ்கே ஓடிக்கொண்டிருந்தாள், பாதையின் இடது ஓரமாக, சத்தமே இல்லாமல். குறுக்கே படுத்திருந்த ஆடுகள் எழுந்து, அலுத்துக்கொண்டு புல்லுக்கு ஒதுங்கின. அவள் கடந்து போனாள்.

ஆடுகள் உடனே திரும்பி வந்து படுக்கவில்லை. ஒதுங்கியபடியே, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. காலிப் பாதையில் எதையோ கண்ணால் தொடர்ந்தன. அது போய் முடிந்ததும்தான் ஒவ்வொன்றாகத் தாருக்குத் திரும்பின.

சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் வைத்திருந்தேன். கடைசியில் பாலத்தடியில் நின்று சொல்லிவிட்டேன். ஹிஸ்கே ஜன்னலில் சாய்ந்து கேட்டாள். தூரத்தில் ஒரு படகு ஊதியது.

"எவ்வளவு பின்னால வந்துச்சு?"

"பக்கத்துலதான்."

"நொண்டாம வந்துச்சா?"

"ஆடுங்க தலை ஒரே சீராத்தான் திரும்புச்சு."

அவள் படகு வரும் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்போ அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மணியடிக்கத் திரும்பினாள்.