இரண்டு வால் யானை

ஒற்றைச் செருப்போடு என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கியபோது நான் சிரித்தேன். இன்னொரு காலுக்கு யார் வந்து மாட்டிவிடுவார்கள் என்று கேலியும் பேசினேன். அவர் திரும்பிப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இடது கால் வெறுங்காலாக இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

அது 2003ஆம் வருடம், ஆடி மாதம். ஆரணியிலிருந்து வேலூருக்கு வாடகைக் காரில் கொண்டுபோனோம். பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். இடது கை விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் தப்பித்தது. வலது கைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை அது. அவர் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் அவர் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித் தருவதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை அடித்துத் தறியில் ஏற்றுவார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அந்த வலது கை.

வீட்டுக்கு வந்த பிறகு தட்டில் இடது பக்கம் வைத்த பொரியலைத் தொடவே மாட்டார். கேட்டால், "நீ எங்க வெச்ச?" என்பார். இருபத்திரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவருக்கு இப்போது ருசி பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்கு ரோஷம். இரண்டு நாள் பொரியலே செய்யவில்லை. எனக்கு வாயும் நீளம், ரோஷமும் அதிகம்.

மூன்றாம் மாதம் தாளும் பென்சிலும் கேட்டார். ஒரு தாமரைப் பூவின் வலது பாதியைப் போட்டார். கோடு கொஞ்சமும் ஆடவில்லை. நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பாதிப் பூதானே என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்று போல வரும் டிசைனுக்கு எல்லோரும் பாதிதான் போடுவார்கள். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதனால் அந்தத் தாமரையில் தப்பு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆனால் தாளையும் ஸ்கேலையும் அழுத்திப் பிடிக்க இடது கை வேண்டுமே. அப்போது ஊரில் கம்ப்யூட்டரில் டிசைன் போட ஆரம்பித்திருந்தார்கள். மௌஸுக்கு ஒரு கை போதும். அவருக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் புடவை வியாபாரி, யானை வரிசையாக இடது பக்கம் பார்த்து நடந்து போகிற பார்டர் ஒன்று வேண்டும் என்றார். அதைச் சரியாகச் செய்தால் வேலை தொடர்ந்து தருவதாகவும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் தன்மையாகத்தான் சொன்னார். மாலா என்ற பெண் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இருவரும் சேர்ந்தோம். அவரைத் தனியாக அனுப்பப் பயந்துதான் நானும் போனேன்.

பேனா, அழிப்பான், வண்ணம் நிரப்பும் வாளி எல்லாம் திரையின் இடது ஓரத்தில் ஒரு பெட்டியில் வரிசையாக இருக்கும். நான் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டேன். அவர் தினமும் முதலிலிருந்து கேட்பார். பேனா எங்கே என்பார். காட்டினால் எடுப்பார். அடுத்த நிமிஷம் அழிப்பான் எங்கே என்பார். மாலா பொறுமையாகச் சொல்வாள். நான்தான் கத்துவேன். "கண்ணெதிர இருக்குது, பார்க்க மாட்டன்னு அடம் புடிச்சா எப்படிங்க?" என்பேன். கம்ப்யூட்டர் பிடிக்காமல் செய்கிற பிடிவாதம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சே, என்ன பேச்செல்லாம் பேசியிருக்கிறேன்!

ஒரு நாள் யானையை முடித்துவிட்டேன் என்றார். திரையில் வாலும், பின்னங்கால்கள் இரண்டும், பாதி வயிறும் இருந்தன. தலை இல்லை, தும்பிக்கை இல்லை. பாதி டிசைன் என்றால் அடுத்துச் செய்வது மாலாவுக்குக் கைப்பழக்கம். யோசிக்காமல் திருப்பிப் போடும் பட்டனைத் தட்டினாள். இரண்டு பக்கமும் வால் உள்ள யானை ஒன்று வந்து நின்றது. நானும் மாலாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்குது? எதுக்குச் சிரிச்சிகினு இருக்கீங்க?" என்றார்.

நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. வலது பக்கத்து வாலை மட்டும் பார்த்துவிட்டு, முழு யானையையும் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே வேலூர் போனோம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதற்கு இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், இடது பக்கம் இருப்பதை மூளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது) என்று பெயர். "அவர் அடம் பண்ணலைம்மா. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியலை. தெரியாத இடத்துல எப்படித் தேடுவார்?" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இதை எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். சீட்டில் உள்ள ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறைத்தது. இத்தனை மாதமாக நான் கட்டிலுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பாததற்குக் கோபப்பட்டிருக்கிறேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்க, ஜன்னலோரமாக அழுதுகொண்டே வந்தேன்.

பேனா, அழிப்பான் இருக்கும் பெட்டியைத் திரையின் வலது பக்கம் மாற்றிவிடலாமா என்று மாலா கேட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த அம்மா வேண்டாம் என்றார். திரையின் இடது விளிம்பில் சிவப்பாக ஏதாவது ஒட்டி, எதைச் செய்வதற்கு முன்னாலும் அந்தச் சிவப்பு தெரிகிறவரை தலையைத் திருப்பச் சொன்னார். என்னையும் இடது பக்கம் உட்கார்ந்து அங்கிருந்தே பேசச் சொன்னார். சிவப்புப் பட்டு நூல் ஒரு கற்றையை ஒட்டினேன். தலை திரும்பும்; பாதியிலேயே நின்றுவிடும். "இன்னும் போங்க, இன்னும் போங்க" என்பேன். திட்டி வளர்ந்த வாய் அது, கெஞ்சக் கற்றுக்கொண்டது.

ஒரு யானைக்கு ஏழு வாரம் ஆயிற்று. வியாபாரி காத்திருந்தார், அவர் நன்றாக இருக்கட்டும். அந்த ஏழு வாரத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. நான் ஜல்தியாகக் கற்றதில் பாதியை, நாலு நாள் போகாமல் இருந்தால் மறந்துவிடுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் தேடிப் போய் எடுத்த எதையும் மறக்கவில்லை. கடைசியில் ஒரு சந்தேகம் என்றால் மாலாவே அவரைத்தான் கேட்பாள். தும்பிக்கை கடைசிக் கட்டம் வரை வந்த அன்று அவர் அதைப் பார்த்த பார்வையை, எங்கள் மகள் பிறந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

வேலை நிலைத்தது. அடுத்த வருஷம் சொந்தமாகவே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். கை முழுதாகத் திரும்பவில்லை. களைத்த நாளில் இடது பக்கமும் நழுவிப் போய்விடும். ஒரு சாயங்காலம், அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"எங்க போற செல்வி?"

"உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதாங்க."

"வேணாம். அங்கயே இரு. நீ இருக்கியான்னு பார்க்கிறதுக்குத்தான் நான் அந்தப் பக்கமே போறேன்."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். இப்போதும் நான் கூப்பிட்டால் அவர் முகம் என்னிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். முன்பெல்லாம் எதற்கும் காத்திருக்காதவள் நான். அந்தக் கொஞ்ச நேரமும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.