காத்தாடி சுற்றிய இருசப்பன்

விமானம் தானாகக் கிளம்பாது என்பதை மூங்கில் தோட்டத்தில் முதலில் தெரிந்துகொண்டவர் இருசப்பன்தான். கேப்டன் துரையின் சின்ன விமானத்தைச் சாவி போட்டு முடுக்க முடியாது. துரை உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே ஒருவர் அதன் மூக்கிலிருக்கும் காத்தாடியைக் கையால் இழுத்துச் சுழற்றிவிட வேண்டும். அது உயிர் பெற்ற கணத்தில் பின்னால் விலகிவிட வேண்டும். விலகத் தவறினால் கை போகும். சமயத்தில் தலையும் போகும். அந்த வேலை இருசப்பனுடையது.

சேலத்துப் பக்கத்திலிருந்து அப்பனோடு கப்பலேறி வந்தவர். மலாயாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வடக்கே, மூங்கில் தோட்டம் என்ற அந்த ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டி வளர்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடப் போனவர்களில் பெரும்பாலோரை அந்த மண்ணே தின்றது. இவர் காலில் ஆறாத புண்ணோடு திரும்பினார். புண் ஆறியபோது கால் குட்டையாகியிருந்தது. திரும்பிய பிறகு, சயாமில் செத்துப்போன கூட்டாளியின் மனைவி சின்னத்தாயைக் கட்டிக்கொண்டார். அவன் எப்படிச் செத்தான் என்று அவள் ஒரு முறைதான் கேட்டாள். இவர் ஒரு முறை பொய் சொன்னார். தூக்கத்திலே போய்விட்டான் என்றார்.

குட்டைக் காலோடு நிரை நிரையாக நடந்து பால்மரம் வெட்ட முடியவில்லை. அப்போதுதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. காட்டுக்குள் இருந்தவர்கள் சாலையில் சம்பளப் பணத்தை மறிக்க ஆரம்பித்ததும், விமானத்தில் பணத்தைக் கொண்டுவந்து இறக்குவதற்காகத் தோட்ட நிர்வாகியான பெரிய துரை பந்துத் திடலை நீட்டித் தரை சமன் செய்தார். அங்கே புல் வெட்ட இருசப்பனைப் போட்டார்கள்.

கேப்டன் அந்தத் தரையைக் கண்டுபிடித்தது தற்செயல். கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர்ப் பட்டாள முகாமுக்கு அலுவலாக வந்து போகிறவர். திரும்பும்போது கொஞ்சம் வடக்கே ஒதுங்கி இங்கே இறங்குவார். பெரிய துரையின் பங்களாவில் கறி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்.

"பட்டாளத்துல பிளேனா இல்ல? எதுக்குச் சொந்தப் பிளேன்ல வர்றாரு, கிராணியாரே?" என்று இருசப்பன் ஒரு நாள் கேட்டார்.

ராஃபேல் கிராணியார் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுபவர். கேப்டனின் பயணப்படித் தாளை அவர்தான் சும்மா தட்டச்சு செய்து கொடுப்பார்.

"சொந்தப் பிளேன்ல போனா மைலுக்கு இவ்வளவுன்னு கவர்மெண்டு குடுக்கும்யா. ஆனா எழுதிக் குடுத்த வழியிலதான் போகணும். வெளியாள ஏத்தக் கூடாது. ஏத்துனா அது சர்க்கார் பயணம் இல்ல, சொந்த உல்லாசம்னு காசத் தரமாட்டான்."

"அப்ப இங்க எறங்குறது?"

"எங்க எறங்குனாரு? நீ பாத்தியா? நான் பாக்கல லா."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சின்னத்தாய்க்கு இதெல்லாம் நல்ல விளையாட்டு. "ஏன்யா, ஆகாசத்துல போற தொரைக்கு நீ கை குடுத்தாத்தான் கெளம்ப முடியுமாமே?"

"ஆமா."

"அப்ப ஒரு நாளு என்னய ஏத்தி விடச் சொல்லு. சந்தைக்குப் போயி கருவாடு வாங்கிட்டு வந்துர்றேன்."

"கேட்டுப் பாக்குறேன்," என்பார் இருசப்பன், முகத்தில் சிரிப்பில்லாமல். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இனிமேல் எங்கே என்று இருவரும் விட்டுவிட்ட பிறகு தங்கிய பிள்ளை அந்த வயிற்றில் இருந்தது.

வலி கண்ட நாளும் கேப்டன் வந்த நாளும் ஒன்றாகிப் போயின. விடிந்ததிலிருந்து சின்னத்தாய் லயத்து அறையில் கிடந்தாள். பிரசவம் பார்க்கிற தாயம்மா பக்கத்தில் இருந்தார். "ஆம்பளைக்கு இங்க என்ன வேல? போய் ஒன் காத்தாடியப் பாரு," என்று தாயம்மா விரட்டியதால் இருசப்பன் தரைக்கு வந்தார். அங்கே மேய்ந்த ஆடுகளை ஓட்டினார். பங்களாவிலிருந்து வந்த ரம்புத்தான் பழக்கூடையை விமானத்தின் இரண்டாவது இருக்கையில் வைத்து, குலுங்காமல் இருக்க வாரைப் போட்டு இறுக்கினார்.

உச்சி சாய்ந்தபோது தாயம்மாவே ஓடி வந்தார். முழங்கை வரை ரத்தம்.

"கை வெளிய வந்துருச்சு இருசப்பா. புள்ள குறுக்க கெடக்கு. என்னால ஆகாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரெண்டும் பொழைக்கும்."

தோட்டத்து லோரியைக் காட்டுக்காரர்கள் போன வாரம்தான் சாலையில் கொளுத்தியிருந்தார்கள். பெரிய துரையின் கார் குண்டு துளைக்காத இரும்புத் தகடு அடிக்க ரவாங்கிற்குப் போயிருந்தது. இருசப்பன் விமானத்தைப் பார்த்தார். அப்புறம் வாரை அவிழ்த்து, ரம்புத்தான் கூடையைத் தூக்கிக் கீழே வைத்தார்.

ஒரு கதவுப் பலகையில் அவளைக் கிடத்தி நால்வர் தூக்கி வந்தார்கள். துணி நனைந்து சொட்டியது. சின்னத்தாய் கண்ணைத் திறந்து, "நெசமாவே கேட்டுட்டியா?" என்றாள்.

கேப்டன் பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். கூடப் பெரிய துரையும் தாள்களோடு கிராணியாரும். பலகையைக் கண்டதும் கேப்டன் தொப்பியைக் கழற்றினார். மரியாதை தெரிந்த மனிதர். கிராணியார் விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பதில் சொன்னார். வெளியாளை ஏற்றினால் பயணமே செல்லாது. ஏதாவது ஆனால் காப்புறுதியும் கிடைக்காது. இங்கே இறங்கியதே தாளில் இல்லாதபோது இங்கிருந்து ஒருத்தியை ஏற்றியதை எப்படி எழுதுவது? "வருந்துகிறேன் என்று சொல்லுங்கள். ஏதாவது செய்ய முடியுமா என்று போய்ப் பார்க்கிறேன்," என்று முடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது.

ராஃபேல் கிராணியார் பலகையைப் பார்த்தார். பெரிய துரை தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டார். இல்லை என்று இருசப்பனின் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காத்தாடியைச் சுற்றவும் ஆள் வேண்டும்.

"பிளேன்ல ஏத்த சட்டம் எடம் குடுக்கலயாம்யா. கோலாலம்பூர்ல எறங்குன ஒடனே பட்டாளத்து ஆஸ்பத்திரி வண்டிய இங்க அனுப்புறாராம்."

"வண்டி வருமா?"

"தொரை சொல்றாரு."

இருசப்பனின் முகம் தெளிந்தது. துரை எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ வண்டி அவ்வளவு சீக்கிரம் வரும். கேப்டன் கூடையைக் கைகாட்டினார். இருசப்பன் அதைத் தூக்கிப் பழையபடி இருக்கையில் வைத்து வாரைப் போட்டார். முன்னைவிட அவசரமாக, ஆனால் முன்னைப் போலவே இறுக்கமாக.

"காண்டாக்," என்று எஞ்சினை முடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம். காத்தாடியை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். உடம்பு முழுவதையும் போட்டு மூன்றாம் முறை இழுத்தபோது அது பிடித்துக்கொண்டது. காற்று சின்னத்தாயின் மேலிருந்த துணியைத் தூக்கியடித்தது. தாயம்மா குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டார்.

பலகையை வாசல் கேட்டுக்குக் கொண்டு போனார்கள். விறகு வண்டி ஓட்டும் செல்லன் வந்து நின்றான்.

"மாமா, மாட்டப் பூட்டவா? இப்பக் கெளம்புனா கேட்டு சாத்துறதுக்குள்ள ரோட்டப் பிடிச்சுரலாம். போலீஸ் டேசன்ல வண்டி கேப்போம்."

"பட்டாளத்து வண்டி வருதுடா. மெத்தை போட்ட வண்டி. மாட்டு வண்டிக் குலுக்கல அவ தாங்குவாளா?"

செல்லன் கிராணியாரைப் பார்த்தான். கிராணியார் வாயைத் திறந்தார். அப்புறம் ஆபீசில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். செல்லன் இன்னும் இரண்டு தடவை வந்து கேட்டான். இரண்டாவது தடவை இருசப்பன் அவனைத் திட்டி அனுப்பினார்.

பொழுது சாய்ந்ததும் காவல்காரர்கள் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். காலைவரை அது திறக்காது. வெளியே நடமாடுகிறவனைச் சுடலாம் என்பது உத்தரவு. இருசப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து நின்றார். "வண்டிச் சத்தம் கேக்குதா பாரு," என்று சின்னத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கிறது என்றார் இருசப்பன். அவர் அவளிடம் சொன்ன இரண்டாவது பொய் அது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள்.

பிள்ளைச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைக்க வேண்டும். வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அதன்மேல் இறக்கி வைத்தால் அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. ரப்பர் உலர்த்தும் பழைய புகைக்கூடத்துச் சிமெண்டுப் பலகைகளை இருசப்பனும் செல்லனும் சுமந்து வந்தார்கள். பால் வாளிகளோடு பெண்கள் நடக்கும் பாதையில், பங்களாவுக்கும் விமானத் தரைக்கும் நடுவே, இரண்டை நிறுத்தி ஒன்றை மேலே படுக்க வைத்தார்கள்.

அடுத்த மாதம் கேப்டன் வந்தார். சாப்பிட்டுவிட்டு இறங்கி வரும் வழியில், நெஞ்சு உயரத்துக்கு வாகாக நின்ற பலகையைக் கண்டார். கையிலிருந்த பழக்கூடையை அதன்மேல் இறக்கினார். கிராணியாரிடமிருந்து பயணப்படித் தாளை வாங்கி அதிலேயே விரித்துக் கையெழுத்துப் போட்டார். கோலசிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர், நேர்வழி.

இருசப்பன் கிராணியாரின் பக்கத்தில் வந்து நின்றார். "தொரையே எறக்கி வச்சுட்டாரு. பாத்தீங்களா கிராணியாரே?"

கிராணியார் பார்த்தார்.

"அன்னிக்கு வண்டி ஏன் வரலன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. கோவமா இல்ல. தெரிஞ்சுக்கத்தான்."

கிராணியார் கேப்டன் பக்கம் திரும்பி, எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்கட்டுமா என்று இவன் கேட்கிறான் என்றார். வேண்டாம், நல்ல ஆள் என்று கேப்டன் புன்னகைத்தார்.

"அனுப்புனாராம்யா. ரவாங் தாண்டி பாலத்த ஒடச்சுட்டானுங்களாம். திரும்பிப் போயிருச்சாம்."

இருசப்பன் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அனுப்பித்தான் இருக்காரு," என்றார்.

கூடையை எடுத்துப் போய் இருக்கையில் வைத்து வாரைப் போட்டார். காத்தாடி முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. குட்டைக் காலை இழுத்துக்கொண்டு விலகி நின்றவர், அதுவரை செய்யாத ஒன்றாக, ஓடுகிற விமானத்தைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார்.

சில வருடம் கழித்துக் கேப்டன் சீமைக்கே திரும்பிவிட்டார். தரையில் பிறகு எண்ணெய்ப்பனை வந்தது. சாகும்வரை, பத்தாங் பெர்ஜுந்தாய் சாப்பாட்டுக் கடையில் யாராவது வெள்ளைக்காரர்களை ஏசினால் இருசப்பன் பொறுக்கமாட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்வார்: "எல்லாரையும் ஒரே மாதிரி பேசாதீங்க. எம் பொண்டாட்டிக்கு வண்டி அனுப்புன மனுசன் அவரு."