பெங்களூர் ஓவியக் கண்காட்சியில் மாடலாக உட்கார்ந்த கதை

பெங்களூரில் ஓவியர் சங்கம் ஒன்று வருடா வருடம் தன் உறுப்பினர்களின் படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்துகிறது. என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா அதில் உறுப்பினர். காக்ஸ் டவுனில் வீடு, ஒரு பள்ளியில் டீச்சர் வேலை. ஒவ்வொரு முறையும் கூப்பிடுவாள், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். போன டிசம்பரில் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை சேலத்தில் பஸ் ஏறினேன். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுமார் இருநூறு கிலோமீட்டர். ஓசூர் தாண்டிய பிறகுதான் சோதனை. நெரிசலில் ஊர்ந்து சாந்திநகர் பஸ் நிலையம் வந்து சேரப் பதினோரு மணி ஆகிவிட்டது. அங்கிருந்து எம்.ஜி. ரோடுக்கு ஆட்டோ. மீட்டர் போட மாட்டேன் என்றவர், என் தமிழைக் கேட்டதும் நூற்றைம்பதை நூற்றுமுப்பதாக்கினார். ஈஜிபுராவில் குடியிருக்கிறாராம், சொந்த ஊர் திருப்பத்தூர். கண்காட்சிக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார். இலவசம் என்றேன். அப்படியானால் வீட்டுக்காரம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாகச் சொன்னார்.

கண்காட்சிக் கூடம் எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சுவர் முழுக்கப் படங்கள். மல்லேஸ்வரம் பூக்கடைகள், மழையில் நிற்கும் சிட்டி பஸ், புரியாத வண்ணத் தீற்றல்கள். ஸ்டெல்லாவின் இரண்டு நீர்வண்ணப் படங்களில் ஒன்றுக்கு விற்றுப்போனதற்கான சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்க்காத மாதிரியே அடிக்கடி அந்தப் பக்கம் போய் வந்தாள்.

கண்காட்சியோடு வேறு நிகழ்ச்சிகளும் உண்டு. சனி மதியம், ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பார்வையாளர் முன்னால் உருவப்படம் வரைந்து காட்டுவார்கள். ஞாயிறு காலை கப்பன் பூங்காவில் எல்லோருமாக வரைவார்கள். மாலையில் பரிசளிப்பு.

உருவப்படம் வரைபவர் கோவிந்தராஜ். மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிறது. பல வருடமாக இந்த நிகழ்ச்சி அவருடையதுதான். ஆனால் அந்த வருடக் கோடையில் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. இடக்கையால் வரைந்து பழகிக்கொண்டிருந்தார். இந்த வருடம் வேறு யாராவது செய்யட்டும் என்று சங்கச் செயலர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாராம், அவர் கேட்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வசந்தா ஸ்டெல்லாவிடம், "நாலு பேர் முன்னாடி அவமானப்படணும்னு ஒரு பிடிவாதம். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு" என்றார்.

மாடலாக உட்கார வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வலக் கன்னத்திலிருந்து கழுத்துவரை வெண்திட்டு உண்டு. பேசுகிறவர்கள் என் நெற்றியையோ தோளையோ பார்த்துத்தான் பேசுவார்கள். போட்டோ எடுத்தால் நான் நிற்பது கடைசி வரிசையில். முப்பது பேர் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் உட்காருவதா? மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தபோது கோவிந்தராஜைப் பார்த்தேன். கரித்துண்டை இடக்கை விரல்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளப் போராடிக்கொண்டிருந்தார். போய் உட்கார்ந்துவிட்டேன்.

பழுப்புத் தாளில் வரைய ஆரம்பித்தார். என் மூக்கைப் பார்த்த மாதிரியே கன்னத்தையும் பார்த்தார், கண்ணைத் திருப்பவில்லை. நெற்றி, கண்கள், ஒரு பக்கக் கன்னம்வரை வந்தது. அப்புறம் கை நடுங்கத் தொடங்கியது. கோடு ஒன்று தாடைக்கு வெளியே ஓடியது. துடைத்தார். மறுபடியும் ஓடியது.

"சாக்கு. இன்னிக்கு இவ்ளோதான் ஆகும்" என்று கரித்துண்டைக் கீழே வைத்தார். கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தம். செயலர் அவசரமாகக் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவர் முகம் இன்னும் சுருங்கிப்போனது. வசந்தா எழுந்து தாளைக் கழற்றப் போனார்.

"நாளைக்கும் நான் இங்கதான் சார் இருக்கேன். வந்து உக்காரட்டுமா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. பாதி முகத்தோடு என்னைச் சுருட்டி வைப்பது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை எல்லோரும் பூங்காவுக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் நான், அவர், வசந்தா மட்டும். அவசரமே இல்லாமல் வரைந்தார். கை களைத்தால் காபி, அப்புறம் மீண்டும். வலக் கன்னத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இத போடட்டுமாம்மா, வேண்டாமா? உன் மூஞ்சி, நீதான் சொல்லணும்."

இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"போடுங்க சார்."

வெள்ளைச் சுண்ணத்தை எடுத்தார். நடுங்கிய விரலாலேயே தேய்த்துத் தேய்த்து இழைத்தார். முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். தாடைக் கோடு கொஞ்சம் கோணல்தான். ஆனால் நான்தான் அது, சந்தேகமே இல்லை. மாலைவரை அதைச் சுவரில் மாட்டி வைக்கலாமா என்று அவர் கேட்டார். சரி என்றேன். பரிசளிப்புக்கு வந்த கூட்டம் அதன் முன்னால் நின்று நின்று போனது. நானும் பக்கத்திலேயே நின்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தேதி வருடத்துக்கு வருடம் மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். படங்களை நிதானமாகப் பார்க்க ஞாயிறு காலைதான் நல்லது, கூட்டம் இருக்காது. பூங்காவில் வரைய, தாளும் தேநீரும் சேர்த்து இருநூறு ரூபாய். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திரும்பும்போது ஞாயிறு இரவு பஸ்ஸுக்கு முன்பதிவு கட்டாயம். யாராவது மாடலாக உட்காரக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். கழுத்து வலிக்கும். பரவாயில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு விடைபெறப் போனபோது கோவிந்தராஜ் பலகையில் புதுத் தாள் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார். நாற்காலியில் வசந்தா உட்கார்ந்திருந்தார், முந்தானையைச் சரிசெய்தபடி.

"அசையாத, வசந்தா."

"முப்பத்தெட்டு வருஷத்துல இப்பதான் கூப்புடறீங்க, அசையாம எப்படிங்க இருக்கறது?" என்றார் அவர்.