பம்ப் கம்பெனிப் பங்கை ஏன் விற்கவில்லை

எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பட்டியலோடு சரிபார்ப்பது என் வேலை. நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. அதனால் என்னை விவரம் இல்லாதவன் என்று நினைத்தவர்கள் மேல் இன்னும் கோபம் முழுதாக ஆறவில்லை.

சுனாமிக்கு முன்பே மெயின்லேண்டில் ஒரு பம்ப் கம்பெனியின் பங்குகளை வாங்கி, சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்திருந்தேன். விலை லேசில் ஏறாது. ஆனால் கடல் புகுந்து கிணறெல்லாம் உப்பாகிப்போனபோது, சேற்றில் கிடந்த அந்தக் கம்பெனியின் பழைய பம்புகளைத்தான் கழுவிக் காயவைத்து ஓட்டி, உப்புத் தண்ணீரை இறைத்தார்கள். நானே பார்த்தேன். அதற்குப் பிறகு அதன் பம்ப் பெட்டி வராத சரக்குக் கப்பல் இல்லை. மலையாகக் குவியாது, ஆனால் வந்துகொண்டே இருக்கும்.

தீவுக்குச் சுற்றுலாக் கூட்டம் வரத் தொடங்கியதும் என் மனைவியின் அண்ணன் லாட்ஜ் கட்டப் கூட்டாளி தேடினார். லம்பா லைன் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் மகளுக்குக் காதுகுத்து. சாப்பிட்டுக் கை கழுவி வந்த என்னை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"அரே மாப்ள, சாத்தம் ஃபெர்ரிகூட அக்கரை போய்ச் சேந்துடுது. உன் ஷேர் இன்னும் இக்கரை ஜெட்டியிலயே நிக்குது! பஸ், போதும், வித்துட்டு என்கூட வா."

எல்லோரும் சிரித்தார்கள். விற்பனைப் படிவம் அவர் பையில் தயாராக இருந்தது. மறுக்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன். துறைமுகப் பதிவேட்டில் தினமும் போடும் இந்திக் கையெழுத்து. பங்கு வாங்கியபோது தமிழில் போட்டது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் சான்றிதழ்களையும் வாங்கி அவரே கம்பெனிக்கு அனுப்பினார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அங்கிருந்து படிவமும் சான்றிதழ்களும் என் வீட்டுக்கே திரும்பி வந்தன. மச்சான் புதுப் படிவத்தோடு வந்தார்.

"ஹிந்திவாலாவே ஆயிட்டியா மாப்ள? இந்த தடவ தமிழ்ல போடு. ஜல்தி!"

என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பேனா மூடியைத் திறந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"போட மாட்டேன் மச்சான்."

"க்யா?"

"கப்பலுக்குக் கப்பல் அந்தப் பெட்டிய எண்ணி இறக்கறவன் நான். நீங்க எதப் பாத்தீங்க? உங்க லாட்ஜுக்குக் கிணறு வெட்டினாலும் அந்த பம்பத்தான வாங்கப்போறீங்க?"

என் சத்தம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை கேட்டதாம். பேனாவைக்கூட மூடாமல் எழுந்து போனார்.

அவர் லாட்ஜ் நன்றாகவே ஓடுகிறது. என் பங்கு இன்னும் மெதுவாகத்தான் ஏறுகிறது. விற்கப்போவதில்லை. அவர் மேலிருந்த கோபம்கூடப் பாதி குறைந்துவிட்டது. பத்துப் பேர் சிரித்ததற்காக, கண்ணால் பார்த்ததை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேனே, என் மேலேயே உள்ள அந்தக் கோபம்தான் குறையவில்லை.