பாப்பரசருக்குக் கட்டிய மாலை

தொண்ணூறுகளில் பாப்பரசர் பேர்லினுக்கு வந்தபோது பார்க்கப் போன மன்னார்க்காரர்களுக்குள் ஆகப் பயந்தவன் நான்தான். என் அகதி வழக்கு முடியவில்லை. முகாம் இருந்த மாவட்டத்தைத் தாண்ட அனுமதி வேண்டும். அது இல்லாமல், நகரத்துப் பொலிஸ் முழுக்கக் கூடிநின்ற இடத்துக்கே போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் இருந்த அக்கா ஒருவர் சிவப்புக் கார்னேசன் பூவில் மாலை கட்டியிருந்தார். முன்வரிசையில் நிற்கும் எங்கள் பாதிரிச் சுவாமியிடம் கொடுத்தால் அவர் பாப்பரசருக்குப் போடுவார். அக்கா மாலைப் பையை என்னிடம் தந்தார்.

"நீ ஒல்லி. சனத்துக்குள்ளால பூந்து போவாய்."

தடுப்புக் கம்பியடியில் கறுப்புக் கோட்டு போட்ட நெடுவல் ஒருவர் மறித்தார். காதில் வயர்.

"பொலிசா?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இல்லை, பாப்பரசரின் சுவிஸ் காவல்படை."

கலண்டர் படத்தில் அவர்கள் கோடுபோட்ட காற்சட்டையும் ஈட்டியுமாக நிற்பார்கள். "ஈட்டி எங்கே?" என்றேன். பயம் வந்தால் எனக்குப் பகிடியும் வரும்.

"ரோமில். பையில் என்ன?"

மாலையை எடுத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார், சந்தேகம் போகவில்லை. "உங்கள் கழுத்தில் போட்டுக் காட்டுங்கள்."

ஒருவர் போட்ட மாலையை நாங்கள் பெரியவருக்குப் போடுவதில்லை. அதைச் சொல்லி மறுத்தால் அடுத்து என் அடையாள அட்டையைக் கேட்பார். போட்டேன்.

அவரே கூட வந்து என்னைப் பொலிஸ் வரிசைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார். பொலிஸ்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒளிந்து திரிய வேண்டியவன் நான். மார்பில் சிவப்பு மாலை, பக்கத்தில் பாப்பரசரின் மெய்க்காவலர். நெஞ்சு அடித்த அடியில் பூக்கள் ஆடின.

அதே வழியால் பின்னால் வந்து சேர்ந்த அக்கா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அறுவானே, நீ போட்டதை இனி அவருக்குப் போட ஏலுமே?"

"ஏலாது, அக்கா."

"அவருக்கெண்டு கட்டினது இந்தக் கழுத்துக்கே வந்து சேர வேணும்?"

கழற்றிப் பைக்குள் வைத்தார். பாப்பரசருக்கு எங்கள் கைதட்டல் மட்டும்தான் போனது.

பின்னேரம் என்னை வழியனுப்ப அக்கா ரயில் நிலையம்வரை வந்தார். வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் கறுத்த தலைகளாகப் பார்த்து மறித்து அட்டை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அக்கா, அந்த மாலையை ஒருக்காத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"முகாமுக்குப் போய்ச் சேர."

அக்கா வாசலைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார்.

"குனி," என்றார்.