குடியுரிமைத் தேர்வில் மூன்றாவது நாற்காலி

எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே வேலை, மொழிபெயர்ப்பாளர் வேலைதான். ஜெர்சி சிட்டியில் இருந்த காலத்தில், இங்கிலீஷ் வராத தமிழ்ப் பெரியவர்களோடு அமெரிக்கக் குடியுரிமை இன்டர்வியூவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய் உட்கார்வேன். வயதும் இங்கே வாழ்ந்த வருடங்களும் போதுமான அளவு இருந்தால் தமிழிலேயே பதில் சொல்லலாம். அப்பாவையோ அம்மாவையோ உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே காத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

நம்ம ஊர்ப் பெண்

மளிகைக்கடை வைத்திருந்த சண்முகம் அங்கிள் முதல் முறை ஃபெயிலாகி மறுபடி வந்திருந்தார். இதிலும் போனால் திரும்ப முதலிலிருந்து அப்ளை பண்ண வேண்டும். மிச்சம் இருந்தது கடைசிக் கேள்வி; அதற்குப் பதில் சரியாக இருந்தால் போதும். "ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் இறந்துவிட்டால் யார் ஜனாதிபதி ஆவார்?" என்று ஆபீசர் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

அங்கிள் என் முகத்தையே பார்த்தார். என் உதடு அசைந்தால் போச்சு, இருவருக்கும் ஆபத்து. குனிந்துகொண்டேன். "தெரியலை" என்றார். அதையும் நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். லிஃப்டில் இறங்கும்போது அவர் சொன்னது: "நம்ம ஊர்ப் பொண்ணுன்னு விசாரிச்சுத்தாம்மா உன்னை வெச்சேன்."

ஆயுதம்

ராஜகோபால் சாரின் மகன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, ஈராக்கில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்டர்வியூ நல்லபடியாகவே போனது. கடைசியில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி வந்தது: சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்தச் சம்மதமா?

ஒரு "ஆமாம்" போதும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மகன் விஷயம் ஆபீசருக்குத் தெரியாது; நானாக எதையும் சேர்த்துச் சொல்லவும் கூடாது. ஆபீசர் இரண்டாம் முறை கேட்டார். பிறகு சார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன்: "ஈராக்ல செத்துப்போன என் பையன்கிட்டயும் இதைத்தான் கேட்டிருப்பாங்க, அவனும் ஆமான்னுதான் சொல்லியிருப்பான்; எனக்கும் ஆமான்னே போட்டுக்கச் சொல்லும்மா."

பாஸ்

கீழக்கரைக்காரர் ஜமால் பாய்க்கு ஒரே ஆசை. குடியுரிமை கிடைத்ததும், ஊரில் தனியாக இருந்த தாயாரை இங்கே கூட்டிவர வேண்டும். ஒரு கேள்விகூடத் தப்பாமல் பதில் சொன்னார். ஆபீசர் கைகுலுக்கினார். "பாஸ். ஆனால் போலீஸ் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் பெயர்ச் சோதனை பாக்கியிருக்கிறது, முடிந்ததும் சொல்லி அனுப்புவோம்" என்றார்.

அந்தச் சோதனை ஒரு வருடம் போய், இன்னொரு வருடம் போயும் முடியவில்லை. போய்க் கேட்டபோதெல்லாம் "பெண்டிங்" என்பதே பதில். ஒருவழியாக உறுதிமொழி எடுக்கக் கூப்பிட்டார்கள். வாழ்த்துச் சொல்ல ஃபோன் பண்ணினேன். தாயார் இறந்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அப்போதுதான் முடிந்திருந்ததாம். அவர் சொன்னார்: "நான் பாஸாயிட்டேன்னு அன்னைக்கே உம்மாட்ட சொல்லிட்டேன் தங்கச்சி, அவங்க மறுநாளே பெட்டி கட்டி வச்சுட்டாங்களாம்."

பிற்பாடு என் சொந்த இன்டர்வியூவில், கேள்வி முடியும் முன்பே பதில் சொன்ன என்னைப் பார்த்து, "நன்றாகத் தயார் பண்ணி வந்திருக்கிறீர்கள்" என்று ஆபீசர் பாராட்டினார்.